முப்பதுக்கு முப்பது

என் வகுப்பில் பிள்ளைகள் என்னைக் கண்டு பயப்படுவார்கள். அதில் எனக்கு ஒரு வருத்தமும் கிடையாது. ராசிபுரத்துக்குப் பக்கத்தில் ஒரு தனியார் பள்ளியில் பத்தாம் வகுப்புக்குக் கணக்கு எடுக்கிறேன். அளவியல் பாடம் வந்துவிட்டால் என் குரல் இன்னும் ஒரு கட்டை ஏறிவிடும். கூம்புக்கு உருளையின் சூத்திரத்தைப் போட்டுவிட்டுத் திருதிருவென்று முழிக்கிறவனைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். "மொதல்ல என்ன உருவம்னு சொல்லு. அப்புறம் அளவைச் சொல்லு. அதுக்கப்புறம் சூத்திரத்தைத் தொடு" என்று வருஷத்துக்கு நூறு தடவையாவது கத்துவேன்.

பள்ளிக்கு வெளியிலும் எனக்கு அந்தப் பெயர் இருந்தது. கோழிப்பண்ணைக்காரர்கள் தண்ணீரில் மருந்து கலக்க வேண்டுமென்றால் தொட்டி எத்தனை லிட்டர் கொள்ளும் என்று போன் போட்டுக் கேட்பார்கள். வட்டத் தொட்டியா, பெட்டித் தொட்டியா, விளிம்பிலிருந்து எத்தனை விரற்கடை விட்டு நிரப்புகிறீர்கள் என்று நாலு கேள்வி கேட்டுவிட்டுத்தான் பதில் சொல்வேன். கொஞ்சம் தலைக்கனம் உண்டு. இருந்தது என்று சொல்ல வேண்டும்.

என் வீட்டுக்காரர் பெயர் மணிமாறன். கிணறுகளில் சைடு போர் போடுகிற தொழில். வற்றிப்போன கிணற்றின் அடியில் இறங்கி, பக்கத்துப் பாறையில் படுக்கைவாட்டில் துளை போட்டு ஊற்றைத் தேடுவதுதான் சைடு போர். மேலே டிராக்டரில் கம்ப்ரசர் ஓடும். அதிலிருந்து காற்றுக் குழாய் கீழே போகும். கீழே கனமான இரும்பு ஸ்டாண்டில் மெஷினைப் பொருத்தி, கம்பி கம்பியாகக் கோத்துப் பாறைக்குள் குடைந்துகொண்டே போவார்கள். அவர் எட்டாவதோடு நின்றவர், நான் எம்.எஸ்ஸி. படித்தவள். அதனால் எங்களுக்குள் ஒரு நாளும் சண்டை வந்ததில்லை. வேறு எத்தனையோ காரணங்களுக்கு வந்திருக்கிறது.

போன மார்ச் மாதம் ஒரு சனிக்கிழமை. பரீட்சை நெருங்கிவிட்டதால் சிறப்பு வகுப்பு வைத்திருந்தோம். பதினொன்று பத்துக்கு என் போன் அடித்தது. வகுப்பில் நான் போன் எடுப்பதில்லை. காளியப்பன் பெயரைப் பார்த்ததும் எடுத்தேன். அவன் என் வீட்டுக்காரரோடு கூட வேலை செய்கிறவன். நான் பள்ளியில் இருக்கும்போது அவன் ஒரு தடவைகூடக் கூப்பிட்டதில்லை.

"அக்கா, பயப்படாதீங்க" என்று ஆரம்பித்தான். அப்படி ஆரம்பித்தால் யாருக்குத்தான் பயம் வராது?

மூச்சு வாங்க வாங்கச் சொன்னான். சென்னிமலை என்கிறவருடைய தோட்டத்துக் கிணற்றில் நாலு நாளாக வேலை. அன்று காலை தொண்ணூறு அடி போனதும் ஊற்று உடைத்துக்கொண்டு வந்திருக்கிறது. ஊற்று கிடைத்தால் முதல் பக்கெட் தண்ணீரை எங்கேயும் தரையில் வைக்காமல் மேலே கொண்டுபோய்த் தோட்டத்துக்காரர் கையில் கொடுப்பது இவர்கள் வழக்கம். காளியப்பன் பக்கெட்டைத் தூக்கிக்கொண்டு படியேறிவிட்டான். அவன் மேலே வந்து அதைக் கொடுக்கிற நேரத்தில் கீழே பெரிய சத்தம். தண்ணீர் உள்ளேயிருந்து கம்பிகளைப் பின்னால் தள்ள, ஸ்டாண்டு மெஷினோடு சாய்ந்துவிட்டது. சுவரிலிருந்து கொஞ்சம் பாறையும் பெயர்ந்து அதன் மேல் விழுந்திருக்கிறது.

"அண்ணனோட எடது காலு ஸ்டாண்டுக்கு அடியில மாட்டிக்கிச்சுங்க்கா. நெனவோடதான் இருக்காரு, நல்லாப் பேசறாரு. நான் தூக்கிப் பாத்தேன், அசையல. பயர் சர்வீசுக்குச் சொல்லியாச்சு. முக்கா மணி நேரத்துல வந்தர்றோம்னாங்க. ஆனா தண்ணி ஏறிக்கிட்டே இருக்குது. அண்ணந்தான் சொன்னாரு, 'பிரபாகிட்டக் கேளுடா, எவ்வளவு நேரம் இருக்குதுன்னு அவ சொல்லுவா'ன்னு."

கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை என்பார்களே, அப்படி ஆகவில்லை எனக்கு. ஆகியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். என் கை நேராகச் சாக்பீசை எடுத்தது. நாற்பது பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருக்க, நான் கரும்பலகையின் ஓரத்தில் எழுத ஆரம்பித்தேன்.

"ஊத்து எவ்வளவு வருது?"

"பெயிண்டு பக்கெட்டுங்க்கா, இருபது லிட்டரு. நாலு எண்றதுக்குள்ள ரொம்பிருச்சு."

"தண்ணி இப்ப எவ்வளவு நிக்குது?"

"ஒரு அடி. அவரு முக்காலடிக் கல்லு ஒண்ணு மேல உக்காந்தாப்பல மாட்டிக்கிட்டாரு, எந்திரிக்க முடியல."

"கெணறு என்ன அளவு?"

அவன் திரும்பிக் கேட்பது காதில் விழுந்தது. சென்னிமலையின் குரல் பதில் சொன்னது: "முப்பதுக்கு முப்பது சாமி. ஆழம் அறுபத்தஞ்சு."

நாலு நொடிக்கு இருபது லிட்டர். நிமிடத்துக்கு முந்நூறு. கன அடியில் பத்தரைக்குக் கொஞ்சம் மேலே. முப்பதுக்கு முப்பது தொள்ளாயிரம் சதுர அடி. தண்ணீர் ஓரடி ஏற எண்பத்தைந்து நிமிடம் ஆகும். அவர் சம்மணம் போட்டு உட்கார்ந்தால் வாய் தரையிலிருந்து எத்தனை உயரத்தில் இருக்கும் என்று எனக்குத் தெரியும். பதினோரு வருஷமாக எதிரில் உட்கார்ந்து சாப்பாடு போடுகிறவள் நான். நிமிர்ந்து உட்கார்ந்தால் இரண்டேகால் அடி, கல்லோடு சேர்த்து மூன்றடி. இன்னும் இரண்டடி இருக்கிறது. நூற்று எழுபது நிமிடம்.

"மூணு மணி நேரத்துக்குப் பத்து நிமிஷம் கொறவு" என்றேன். சொன்னதும் எனக்கே மூச்சு வந்தது.

"அக்கா, இன்னொண்ணுங்க. இப்பக் கையை விட்டுப் பாத்தா காலு எங்க கெடக்குதுன்னு தட்டுப்படுது. கிரேன் கயித்த ஸ்டாண்டுல கட்டி, கீழ கட்டையைக் குடுத்து மெதுவாத் தூக்கிப் பாக்கட்டுங்களா?"

கிரேன் என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. கிணற்றிலிருந்து கல்லும் மண்ணும் அள்ளுவதற்கு டீசல் இன்ஜின் வைத்த சின்ன கிரேன். அதன் கயிறு ஒரு குலுக்கல் குலுக்கினால் ஸ்டாண்டு புரண்டு கால் நசுங்கிப் போகும் என்று எனக்குத் தோன்றியது.

"வேண்டாம். தொடாத. அதுதான் மூணு மணி நேரம் இருக்குதே. பயர் சர்வீஸ்காரங்க வந்து முறையா எடுக்கட்டும். நீ கீழ போயி அவருகூட இரு, நேரம் இருக்குதுன்னு சொல்லு. நான் வாரேன்."

தலைமை ஆசிரியரிடம் சொல்லிவிட்டு ஸ்கூட்டரை எடுத்தேன். பயம் இருந்தது, ஆனால் கட்டுக்குள் இருந்தது. நேரம் இருக்கிறது, நேரம் இருக்கிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டே ஓட்டினேன். வழியில் பெட்ரோல் முள் கீழே கிடப்பதைப் பார்த்துப் பங்கில் நிறுத்தினேன். அவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டிவந்தால் நடுவழியில் நிற்கக் கூடாதே என்று யோசித்தேன். முன்னால் இரண்டு லாரி. வரிசையில் நின்று, நூறு ரூபாய்க்குப் போடச் சொல்லி, மீதிச் சில்லறையைக்கூட வாங்கிப் பையில் போட்டுக்கொண்டேன். அந்த ஐந்து நிமிடத்தை நினைத்தால் இன்றைக்கும் எனக்குக் குமட்டுகிறது.

சென்னிமலையின் தோட்டம் மெயின் ரோட்டிலிருந்து ஒரு கிலோமீட்டர் உள்ளே. மரவள்ளிக் காட்டுக்கு நடுவில் கிணறு. நான் போனபோது மணி பதினொன்று இருபத்தொன்பது. கம்ப்ரசரை நிறுத்தியிருந்தார்கள். தோட்டத்துக்காரரும் அவர் மனைவி மாரக்காளும் கிணற்று மேட்டில் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களும் பதறவில்லை. டீச்சர் மூன்று மணி நேரம் என்று சொல்லியிருக்கிறாரே.

"வா அம்மணி. ஒண்ணும் ஆகாது. பயர் வண்டி வந்துக்கிட்டே இருக்குது" என்றார் சென்னிமலை.

நான் விளிம்பில் நின்று எட்டிப் பார்த்தேன்.

மேலே கிணறு சதுரம்தான். கல்கட்டுச் சுவர், ஓரத்தில் படிக்கட்டு. முப்பதுக்கு முப்பது, ஒரு அடி கூடவும் இல்லை, குறையவும் இல்லை. ஐம்பதடிக்குக் கீழே அந்தச் சதுரம் ஒரு பாறைத் திட்டில் முடிந்துவிட்டது. அந்தத் திட்டின் நடுவில் வட்டமாக ஒரு குழி. அதற்குள்தான் தண்ணீர் இருந்தது. அதற்குள்தான் இரண்டு தலைகள் தெரிந்தன.

உள்கிணறு. எங்கள் பக்கத்தில் இது இல்லாத கிணறு குறைவு. தண்ணீர் கீழே போகப் போக, ஒவ்வொரு பஞ்சத்துக்கும் கிணற்றுக்குள்ளேயே இன்னொரு கிணறு வெட்டுவார்கள். முழு அகலத்துக்கும் வெட்டக் கட்டுப்படியாகாது, அதனால் நடுவில் சின்னதாக வெட்டுவார்கள். ஆனால் கிணற்றின் அளவு என்ன என்று கேட்டால் வாயின் அளவைத்தான் சொல்வார்கள். ஆழம் கேட்டால் எல்லாவற்றையும் சேர்த்துச் சொல்வார்கள். யாரும் பொய் சொல்லவில்லை. அந்தக் குழியிலிருந்து ஏறி வந்த காளியப்பனுக்கே அதை எடுத்துச் சொல்லத் தோன்றவில்லை. இந்த ஊரில் பிறந்து வளர்ந்த எனக்கும் கேட்கத் தோன்றவில்லை. வட்டமா பெட்டியா என்று கோழித் தொட்டிக்கு நாலு கேள்வி கேட்கிறவள், புருஷன் உட்கார்ந்திருக்கிற கிணற்றுக்கு ஒரு கேள்வி கேட்கவில்லை.

"உள்கெணறு எத்தனை அடிங்க?" என்று சென்னிமலையிடம் கேட்டேன்.

"அதுவா? பதினஞ்சு இருக்கும் அம்மணி. வட்டம். ஏன்?"

ஏழரை, ஏழரை, மூன்று புள்ளி ஒன்று நாலு. நூற்று எழுபத்தேழு சதுர அடி. தொள்ளாயிரம் இல்லை. ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை. ஓரடி ஏற எண்பத்தைந்து நிமிடம் இல்லை, பதினேழு நிமிடம். போன் வந்து பத்தொன்பது நிமிடம் ஆகிவிட்டது.

"காளியப்பா! தண்ணி எங்க நிக்குது?"

"நெஞ்சுக்கு மேல வந்துருச்சுங்க்கா!" கீழே ஊற்றின் இரைச்சலில் அவன் குரல் உடைந்து உடைந்து வந்தது. அவன் நின்றபடி என் வீட்டுக்காரரின் தோளைப் பின்னாலிருந்து தாங்கிப் பிடித்திருந்தான். இவருடைய முகம் மட்டும் மேலே நிமிர்ந்தது.

"நீ எதுக்கு வந்த, ஸ்கூலு இல்லையா?" என்று கேட்டார். குரலில் பயமே இல்லை. அது எனக்கு அந்த நேரத்தில் ஆறுதலாக இருந்தது.

இன்னும் பத்து அங்குலம். பதினாலு நிமிடம். பயர் சர்வீசுக்குப் போன் போட்டேன். வண்டி வந்துகொண்டிருக்கிறது, இருபது நிமிடத்தில் வந்துவிடுவோம் என்றார்கள். பதினாலுக்கும் இருபதுக்கும் நடுவில் ஆறு நிமிடம். அந்த ஆறு நிமிடமும் அவர் வாய் தண்ணீருக்குள் இருக்கும்.

"மோட்டாரைப் போடுங்க!" என்று கத்தினேன்.

"மோட்டாரக் கழட்டி மேல வெச்சிருக்குது அம்மணி. சைடு போர் போடறப்ப அப்படித்தானே? இனி எறக்கி மாட்டறதுன்னா ஒரு மணி நேரமாகும்."

ஊற்றை அடைக்கச் சொன்னேன். மாரக்காள் உரச் சாக்குகளை எடுத்து வீசினார். காளியப்பன் அவற்றைச் சுருட்டித் துளையில் திணித்து முதுகை வைத்து முட்டுக் கொடுத்தான். கொஞ்ச நேரம் இரைச்சல் அடங்கியது. பிறகு சாக்கோடு அவனையும் சேர்த்து வெளியே தள்ளியது. அவன் புரண்டு எழுந்தபோது என் வீட்டுக்காரரின் கழுத்து வரைக்கும் தண்ணீர் வந்திருந்தது. இரண்டு நிமிடம் வீண்.

மிச்சம் இருந்தது ஒரே வழிதான். நான் வேண்டாம் என்று சொன்ன வழி.

"காளியப்பா, இனிக் காத்திருக்க வேண்டாம். ஸ்டாண்டுல கயிறு கட்டு. தூக்கிருவோம்."

"மூணு மணி நேரம் இருக்குதுன்னீங்களேக்கா? இப்பக் காலு எங்க கெடக்குதுன்னே தெரியல. எல்லாம் சேறாயிருச்சு. கட்டையெல்லாம் குடுக்க முடியாது."

"கட்டுடா!"

ஏன் என்று நான் சொல்லவில்லை. தப்பாகச் சொல்லிவிட்டேன் என்று ஒரு வார்த்தை கீழே போயிருந்தால் அவர் என்ன ஆவார் என்று பயந்தேன் என்று பிற்பாடு எனக்கே சமாதானம் சொல்லிக்கொண்டேன். உண்மை என்னவென்றால், என்னைப் பற்றித்தான் பயந்தேன்.

கிரேனை எப்போதும் ஓட்டுகிறவன் காளியப்பன். அவன் கீழே இருந்தால்தான் கயிறு கட்ட முடியும், கட்டிவிட்டு மேலே ஏறி வர நேரமும் இல்லை. சென்னிமலை கிரேனைத் தொட்டதில்லை. நான் மட்டும் என்ன, தொட்டிருக்கிறேனா? இரண்டு கம்பி இருக்கும், வலது கம்பியை இழுத்தால் கயிறு ஏறும், இடது கம்பியை அழுத்தினால் நிற்கும் என்று காளியப்பன் கீழேயிருந்து கத்தினான். இன்ஜினைச் சென்னிமலை சுற்றிக் கிளப்பினார். நான் சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு கம்பிகளுக்குப் பின்னால் போய் நின்றேன். அங்கே நின்றால் கிணற்றுக்குள் தெரியாது. விளிம்பில் சென்னிமலை குப்புறப் படுத்துக்கொண்டு, கையைத் தூக்கினால் இழு, மடக்கினால் நிறுத்து என்று சொன்னார்.

கயிறு தளர்ந்து கீழே போனது. காளியப்பன் மூச்சைப் பிடித்துக்கொண்டு முங்கினான். எனக்குத் தெரியவில்லை, மாரக்காள்தான் விளிம்பிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தார். "முங்கிட்டான். வந்துட்டான். கட்ட முடியலையாம். மறுக்கா முங்கறான். அய்யோ சாமி, இந்தத் தம்பிக்கு வாயிகிட்ட வந்துருச்சு. மூஞ்சிய மேல தூக்கிக்கிட்டு இருக்குது." மூன்றாவது தடவை முங்கி எழுந்தபிறகு கட்டிவிட்டதாகச் சொன்னார். அதற்குள் என் உள்ளங்கை வேர்த்து இரும்புக் கம்பி வழுக்கியது. புடவையில் துடைத்தேன். மறுபடி வேர்த்தது.

சென்னிமலையின் கை மேலே போனது.

நான் இழுத்தேன்.

கயிறு விறைத்தது. இன்ஜின் சத்தம் மாறியது. எதுவும் அசையவில்லை. இன்னும் கொஞ்சம் இழுத்தேன். அப்போது கீழேயிருந்து ஒரு சத்தம் வந்தது. பதினோரு வருஷத்தில் அவர் வாயிலிருந்து நான் கேட்காத சத்தம். கம்பியை விட்டுவிட்டு ஓட வேண்டும் போல இருந்தது. ஆனால் சென்னிமலையின் கை மடங்கவில்லை, மேலேயே நின்றது. கண்ணை இறுக்க மூடிக்கொண்டு இன்னும் இழுத்தேன். கயிறு ஒரு குலுக்கல் குலுக்கிவிட்டுச் சட்டென்று ஏற ஆரம்பித்தது. அந்தச் சத்தமும் சட்டென்று நின்றுபோனது. அவர் கத்திக்கொண்டிருந்ததைவிட, நின்றதுதான் எனக்குப் பயங்கரமாக இருந்தது.

"வந்துட்டான்! வந்துட்டான்!" என்று மாரக்காள் மாரில் அடித்துக்கொண்டு அழுதார். யார் வந்துவிட்டான், உயிரோடா, இல்லையா என்று எனக்குத் தெரியவில்லை. சென்னிமலை கையை மடக்கினார். நான் இடது கம்பியை அழுத்திப் பிடித்தபடி அப்படியே நின்றேன். யாரோ வந்து என் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து எடுக்கிற வரைக்கும் நின்றேன். அதைச் செய்தவர் பயர் சர்வீஸ்காரர். அவர்கள் சொன்ன நேரத்துக்கு வந்துவிட்டார்கள், ஒரு நிமிடம்கூடத் தாமதமில்லை.

அவரைக் கயிற்றுக் கட்டிலில் கிடத்தி மேலே தூக்கினார்கள். மயக்கத்தில் இருந்தார், மூச்சு இருந்தது. இடது கால் முழங்காலுக்குக் கீழே திரும்பியிருக்கக் கூடாத பக்கம் திரும்பியிருந்தது. வண்டியில் ஏற்றும்போது நான் ஒரு தடவை திரும்பிக் கிணற்றுக்குள் பார்த்தேன். அவர் இருந்த இடத்தில், உட்கார்ந்த ஆள் தலைக்கு மேல் முங்குகிற அளவு தண்ணீர் நின்றது.

சேலத்தில் ஆஸ்பத்திரி. முதல் இரண்டு நாள் காலைக் காப்பாற்றப் பார்த்தார்கள். எலும்பு ஒட்டிவிடும், ஆனால் தூக்கியபோது திருகியதில் ரத்தக்குழாய் அறுந்திருக்கிறது என்றார் டாக்டர். கால் எப்படிக் கிடக்கிறது என்று பார்த்து, அடியில் முட்டுக் கொடுத்துத் தூக்கியிருந்தால் இப்படித் திருகியிருக்காது என்றும் சொன்னார். அவர் யாரையும் குறை சொல்லவில்லை. எனக்குத்தான் ஒவ்வொரு எழுத்தும் தனித்தனியாகக் காதில் விழுந்தது. மூன்றாம் நாள் கணுக்காலுக்கு மேலே வைத்து எடுத்துவிட்டார்கள். கையெழுத்துப் போட்டவள் நான்.

ஒன்பதாம் நாள் சென்னிமலையும் மாரக்காளும் பார்க்க வந்தார்கள். பக்கத்துக் கட்டில்காரரிடம் சென்னிமலை பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

"இந்த அம்மணி இல்லீன்னா அன்னிக்கு முடிஞ்சுதுங்க. எட்டிப் பாத்துச்சு, அங்கயே நின்னு மனசுலயே கணக்குப் போட்டுச்சு, 'தூக்குங்க'ன்னுச்சு. அதுக்கப்புறம் பத்து நிமிஷம் போயிருந்தா ஆளு இல்லீங்க. படிச்ச புள்ளைன்னா இப்படி இருக்கோணும்."

பக்கத்துக் கட்டில்காரர் என்னைக் கையெடுத்துக் கும்பிட்டார். காளியப்பன் கதவோரம் நின்றுகொண்டிருந்தான். அவன் என்னையும் பார்க்கவில்லை, சென்னிமலையையும் பார்க்கவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். அவனுக்குத் தெரியும். போனில் நான் சொன்னதைக் கேட்டவன் அவன். கால் தட்டுப்படுகிறது, தூக்கட்டுமா என்று கேட்டவனும் அவன்தான். ஒன்பது நாளாக அவன் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. இனியும் பேச மாட்டான் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. அப்படியென்றால் யாருக்கும் தெரியாமலே போய்விடும். மற்றவர்கள் கும்பிடுவதை வாங்கிக்கொண்டே நான் காலம் தள்ளலாம்.

எல்லாரும் போனபிறகு கட்டிலுக்குப் பக்கத்தில் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

"ஏனுங்க, உங்ககிட்ட ஒண்ணு சொல்லோணும்."

"சொல்லு."

எக்ஸ்ரே போட்டுக் கொடுத்த உறையின் பின்பக்கத்தில் சதுரம் ஒன்று வரைந்தேன். அதற்குள் வட்டம். நான் என்ன கேட்டேன், என்ன கேட்காமல் விட்டேன், எந்த அளவை எதற்குப் போட்டேன் என்று முதலிலிருந்து சொன்னேன். பெட்ரோல் போட்டதையும் சொன்னேன். காளியப்பன் அப்போதே தூக்கியிருந்தால் உங்கள் கால் உங்களிடம் இருந்திருக்கும் என்றும் சொன்னேன். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டினால் தேவலை என்று இருந்தது.

அவர் படத்தைக் கையில் வாங்கிப் பார்த்தார்.

"உள்கெணறு பதினஞ்சுன்னு எனக்குத் தெரியுமே" என்றார். "நாலு நாளா நாந்தானே அதுக்குள்ள உக்காந்திருந்தேன்."

"அப்பறம் ஏன் நீங்க ஒண்ணும் சொல்லல? தண்ணி ஏறுனது கண்ணுக்குத் தெரியலையா?"

"தெரிஞ்சுது. வயித்துக்கு வந்துச்சு, நெஞ்சுக்கு வந்துச்சு. காளியப்பன்கூடக் கேட்டான், 'என்னண்ணா இத்தனை சுருக்கா ஏறுது, மேல போயிக் கிரேனப் போட்டறட்டுமா'ன்னு. நாந்தான் வேண்டாம்னேன். பிரபா மூணு மணி நேரம்னு சொல்லிருக்கா, அவ சொன்னா சரியாத்தான் இருக்கும், பயத்துல நம்ம கண்ணுக்குத்தான் அப்படித் தெரியுதுன்னு சொல்லிட்டேன்."

அவர் அதைக் குறையாகச் சொல்லவில்லை. காலையில் டீ குடித்தேன் என்று சொல்கிற மாதிரி சாதாரணமாகச் சொன்னார். பிறகு குடிக்கத் தண்ணீர் கேட்டார். நான் டம்ளரில் ஊற்றினேன். பாதிக்கு மேல் வெளியே சிந்தியது.